பக்கவாத்தியத்திலிருந்து பத்துத் தந்திக்கு: எல். சங்கரின் வயலின் வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

1974-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஓர் இளைஞர் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலைதான் அதன் பொருள். எழுதியவர் பெயர் லட்சுமிநாராயணா சங்கர், வயது 24. அடுத்த ஆண்டே அவர் ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினோடு ‘சக்தி’ குழுவில் மேடையேறினார். அதன் பிறகு அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா, நார்வே சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக், ஆங்கிலேய ராக் பாடகர் பீட்டர் கேப்ரியல் என்று பாதை எங்கெங்கோ போனது.

எல். சங்கரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கிழக்கையும் மேற்கையும் கலந்தவர் என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். கலந்தார், சரி. எதைக் கொண்டு கலந்தார்? சில இடங்களில் அது பிரமாதமாக அமைந்ததும், சில இடங்களில் ஒட்டவே ஒட்டாமல் போனதும் ஏன்? அந்த ஆய்வேட்டின் பொருளிலேயே விடையில் பாதி இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கவாத்தியக்காரரின் காதோடு அவர் உட்கார்ந்த இடமெல்லாம் இசை எழுந்தது. அந்தக் காதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாப் பாடகராக முன்னால் வந்து நின்றபோது சறுக்கியது.

யாழ்ப்பாணத்து வீடு

சங்கர் 1950-ல் சென்னையில் பிறந்தாலும் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அப்பா வி. லட்சுமிநாராயண ஐயர் வயலின் வித்வான், அங்கே இசை கற்பித்துவந்தார். அம்மா சீதாலட்சுமிக்குப் பாட்டும் வீணையும் தெரியும். பையன் முதலில் வாய்ப்பாட்டு கற்றான், அப்புறம் வயலின், அப்புறம் மிருதங்கம். இந்த வரிசை முக்கியமானது. பாட்டு தெரிந்து வயலின் எடுத்தவரும், தாளக்காரரின் கணக்கு புரிந்து வயலின் வாசிப்பவரும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம். ஏழு வயதில் நல்லூர் கோயிலில் முதல் கச்சேரி. 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஒரு தீராத குறை இருந்தது. வயலின் என்றால் பாடகருக்குப் பக்கத்தில் உட்காருகிற வாத்தியம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், அது தனிக் கச்சேரி வாத்தியமாக வேண்டும் என்பது அவருடைய கனவு. வைத்தியநாதன், சுப்ரமணியம், சங்கர் என்று மூன்று மகன்களும் சேர்ந்து மேடையேறி வாசித்தார்கள். எல். வைத்தியநாதனைத் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை; ‘ஏழாவது மனிதன்’, ‘பேசும் படம்’ என்றாலே போதும். எல். சுப்ரமணியம் மருத்துவம் படித்து, பிறகு வயலினுக்கே வந்து, ஜாஸ் வயலினின் பெரியவர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டவர். ஒரே வீட்டில் மூன்று வயலின், மூன்று திசை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த வேலையிலிருந்து வயலினை விடுவிக்க அப்பா பாடுபட்டாரோ, அதையே கடைசி மகன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பதின்வயதில் செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்றவர்களுக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்திருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் அருமை அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து கற்றது

கச்சேரி கேட்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

பக்கவாத்தியக்காரருக்கு ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன ராகம் என்பது பல நேரங்களில் பாடகர் வாய் திறந்த பிறகுதான் தெரியும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனையில் பாடகரின் ஒவ்வொரு பிடியையும் ஒரு கணம் பின்னால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். முந்திக்கொண்டால் அத்துமீறல், ரொம்பப் பிந்தினால் தொந்தரவு. அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் கடைசி ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து அந்த இடைவெளியைத் தாங்க வேண்டும். பிறகு தன் முறை வரும். பாடகர் விரித்துப் பாடியதை அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில், அவர் போட்ட கோட்டைத் தாண்டாமல், அவர் சொன்னதையே ஒப்பிக்காமலும் வாசித்துக் காட்ட வேண்டும். ஸ்வரங்களை அந்தக் கணத்திலேயே கற்பனையாகக் கோக்கிற கல்பனாஸ்வரத்தில் இன்னும் கெடுபிடி. அவர் ஒரு கணக்கை விடுவார், அதைக் காதில் வாங்கி உடனே பதில் சொல்ல வேண்டும். குறைப்பு தொடங்கிவிட்டால் எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், கடைசியில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பதில் ஸ்வரம்.

ஜாஸ் மேடையிலும் இதே வழக்கம் உண்டு. இரண்டு கலைஞர்கள் நாலு நாலு பாராக (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அளவு) மாறி மாறி வாசிப்பார்கள், பிறகு அதைச் சுருக்கிக்கொண்டே போவார்கள். சாக்ஸஃபோன்காரர் ஒருவர் பல வருடம் இரவு விடுதிகளில் வாசித்துச் சேர்க்கிற பதில் சொல்லும் திறமை, மயிலாப்பூர் சபாவில் வயலினோடு உட்கார்ந்த பையனிடம் ஏற்கெனவே இருந்தது.

இல்லாதது இன்னொன்று. நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சில் சாய்த்து வாசிக்கிறார்கள். இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால் ஒரே விரல் தந்தி முழுக்க வழுக்கிப் போகலாம். ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் அங்கேதான் பிறக்கிறது. சுருதி சேர்ப்பதும் ச-ப-ச-ப. ஒரே ஆதார ஷட்ஜத்தில் நிற்கிற இசைக்கு இது அருமையான ஏற்பாடு. பழைய ஜாஸ் பாட்டுகளிலோ அரை பாருக்கு ஒருமுறை கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்கு) மாறும், காலடியில் தரையே நகர்ந்துகொண்டிருக்கும். ஜாஸ் வயலின்காரர்களான ஜோ வெனூட்டியும் கிராப்பெல்லியும் அந்த நகரும் தரையில் நடந்து பழகியவர்கள். சங்கர் அப்படி வாசிப்பவராக என் காதுக்கு ஒருபோதும் பட்டதில்லை.

அவருடைய அதிர்ஷ்டம், அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 1969-ல். அதற்குள் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ஒரே ஸ்வர வரிசையில் அரை மணி நேரம் நின்று வாசிக்கலாம் என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு சாக்ஸஃபோன்காரர் ஆர்னெட் கோல்மன் முன்கூட்டியே எழுதிவைத்த கார்டு வரிசையே வேண்டாம் என்றிருந்தார். வெஸ்லியன் நாட்களில் சங்கருக்குப் பழக்கமானவர்கள் யார் என்று பாருங்கள்: அதே ஆர்னெட் கோல்மன், கோல்ட்ரேன் குழுவில் பாஸ் வாசித்த ஜிம்மி கேரிசன். தன் ராகத்தை வளைக்காமலே நுழைய ஜாஸ் அப்போது ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. பத்து வருடம் முன்னால் போயிருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.

சக்தி, 1975

மெக்லாஃப்ளினும் வெஸ்லியனுக்கு வந்துபோனவர்; வீணை கற்கத்தான் வந்தார். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற அவருடைய குழு மின்சார கிட்டாரின் இரைச்சலுக்கும் வேகத்துக்கும் பேர்போனது. அதிலும் வயலின் உண்டு: முதலில் ஜெர்ரி குட்மன், பிறகு பிரான்ஸின் ழான்-லூக் போன்டி. ஆகவே வயலினோடு வாசிப்பது அவருக்குப் புதிதில்லை. ஒலிபெருக்கிகளைக் கழற்றிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தது புதிது.

1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் சக்தியின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. மெக்லாஃப்ளின், சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் வெஸ்லியனில் கற்பித்துவந்த ராமநாதபுரம் ராகவன். முதல் உருப்படி பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. கிட்டாரும் வயலினும் ஒன்றாகப் பாய்ந்து, பிரிந்து, தனித்தனியே சுற்றி, மறுபடி கேள்வி பதிலாக மோதிக்கொள்கின்றன. குறைப்பு கேட்டுப் பழகிய காதுக்கு அது எங்கே போய் முடியும் என்பது முன்பே தெரிந்துவிடும். தெரிந்தும் மூச்சு முட்டுகிறது.

இங்கே விட்டுக்கொடுத்தவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். இது கலப்பிசைக் கச்சேரிகளில் யாரும் கேட்காத, கேட்க வேண்டிய கேள்வி. சங்கரின் வயலின் அப்படியே இருந்தது. உட்காரும் முறை, வில், கமகம் எதுவும் மாறவில்லை. மாறியது கிட்டார். கிப்ஸன் நிறுவனத்தில் இருந்த ஏப் வெக்டர் மெக்லாஃப்ளினுக்காக ஒரு கிட்டார் செய்து கொடுத்தார். ஆறு தந்திகளுக்குக் குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள். கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள், விரலால் தந்தியை அழுத்தி இழுத்தால் வீணை மாதிரி ஸ்வரம் வளையும். பெரிய பெயர் உள்ளவர் தன் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். பல கலப்பிசை முயற்சிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. நம் வித்வான் நாலு ஸ்வரத்தை நேராக்கி, கமகத்தை உதிர்த்து, எதிராளியின் டிரம்ஸுக்கு ஏற்பத் தன்னை வெட்டிக்கொள்வார்.

சக்தி மூன்று இசைத்தட்டுகளோடு 1978-ல் கலைந்தது. மின்சார கிட்டாரை எதிர்பார்த்த ரசிகர்களுக்கு இது பிடிபடவில்லை. மெக்லாஃப்ளின் மறுபடி மின்சாரத்துக்குப் போனார், அவருடைய அடுத்த குழுவிலும் கொஞ்ச காலம் சங்கர் வாசித்தார். இருபது வருடம் கழித்துத்தான் உலகம் சக்தியின் மதிப்பை முழுசாகப் பேச ஆரம்பித்தது. இது அந்தக் குழுவுக்கு உதவியது, 1978-ல் 28 வயது வயலின்காரருக்கு உதவவில்லை.

ஸாப்பாவின் பதின்மூன்று

1978 அக்டோபர் 31, நியூயார்க் பல்லேடியம் அரங்கம். ஃபிராங்க் ஸாப்பாவின் ஹாலோவீன் இரவுக் கச்சேரியில் சங்கர் விருந்தினர். அன்று வாசித்த ஒரு உருப்படி பதின்மூன்று எண்ணிக்கையில் சுற்றுவது. பிற்பாடு இசைத்தட்டிலும் வந்தது. ராக் கேட்க வந்த கூட்டத்துக்கு அதை எப்படி எண்ணுவது என்று ஸாப்பா பாடமே எடுக்கிறார். நம் ஊரில் ‘தகதகிட தகதிமி தகஜொணு’ என்றால் முடிந்தது. பாடம் முடிந்ததும் சங்கர் அதன்மேல் சர்வசாதாரணமாக உலாவுகிறார்.

அந்தப் பழக்கத்தில் ஸாப்பா தயாரித்து 1979-ல் சங்கரின் இசைத்தட்டு ஒன்று வந்தது. வேன் மாரிசன் பாடிப் பதிவான ஒரு பாட்டை அவர் குரலில் வெளியிட முடியாமல் போக, ஸாப்பாவே வேறு பெயரில் பாட வேண்டியதாயிற்று. அந்தத் தட்டில் வயலின் இருக்கிறது, ஆனால் நையாண்டி முழுக்க ஸாப்பாவுடையது. சங்கர் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிறார்.

இரட்டை வயலின்

1980-ல் அவர் கையில் புதிய வாத்தியம் வந்தது. வடிவம் அவருடையது, செய்துகொடுத்தவர் கென் பார்க்கர், பின்னாளில் பார்க்கர் கிட்டார்களால் புகழ்பெற்ற அதே கைவினைஞர். ஒரே உடலில் இரண்டு கழுத்து, கழுத்துக்கு ஐந்தாகப் பத்துத் தந்தி. ஒரு கழுத்தில் வயலின், வியோலாவின் எல்லை. இன்னொன்று செல்லோ வழியாக டபுள் பாஸ் வரை இறங்கும். ஒரு கழுத்தில் வாசிக்கும்போது மற்றதன் தந்திகள் தாமாகவே அதிரும். ஒலி ஸ்டீரியோவில் வெளியே வரும்.

வயலினை ஒற்றையாக நிறுத்த வேண்டும் என்ற அப்பாவின் ஆசைக்குப் பையன் கண்ட வழி இது என்று எனக்குத் தோன்றும். சாதாரண வயலின் தனியாக வாசிக்கும்போது அடியில் ஒரு வெறுமை இருக்கும், அதைத்தான் தம்புராவும் மிருதங்கமும் நிரப்புகின்றன. இரட்டை வயலினில் கீழ்ச்சுருதியும் வாத்தியத்துக்குள்ளேயே இருக்கிறது. மந்திர ஸ்தாயிக்கும் கீழே இறங்கி ஆலாபனை செய்யும்போது வில்லின் உராய்வு கனத்த ஆண் குரல் மாதிரி கேட்கும். அதே பிடியை மேல் கழுத்தில் திருப்பி வாசித்தால் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே ஆள்.

இசிஎம் நிறுவனத்துக்கு அவர் செய்த முதல் பதிவு அந்த ஆண்டே நடந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் மான்ஃபிரெட் ஐக்கர் நடத்தும் அந்த நிறுவனம் அமைதிக்கும் எதிரொலிக்கும் பேர்பெற்றது. சங்கர் அங்கே ஜாஸ் கொண்டுபோகவில்லை. கர்நாடகக் கச்சேரியின் மிக விரிவான உருப்படியான ராகம் தானம் பல்லவி கொண்டுபோனார், மிருதங்கத்துக்கு உமையாள்புரம் சிவராமன், தபலாவுக்கு ஜாகிர் உசேன். ஐரோப்பிய ஜாஸ் ரசிகர் வாங்குகிற தட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பல்லவி! அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், ஐக்கருக்கும் சேர்த்துத்தான்.

1983-ல் ஆஸ்லோவில் நார்வேயின் யான் கார்பாரெக், டென்மார்க்கின் பாலே மிக்கெல்போர்க் இருவரோடும் செய்தது என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த கலப்புப் பதிவு. சாக்ஸஃபோன், டிரம்பெட், இரட்டை வயலின்; தபலாவும் மிருதங்கமும் கிடையாது. தாளக்காரர் இல்லாததால் யாரும் யாரையும் துரத்தவில்லை. கார்பாரெக்கின் சாக்ஸ் நீளமாக ஒரு ஸ்வரத்தை ஊதி விடுகிறது, அது தேயும் இடத்தில் சங்கரின் வில் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. மேலே சொன்னேனே, பாடகர் மூச்சு வாங்கும் இடம் என்று, அது இதுதான்.

அடுத்த ஆண்டுப் பதிவில் அதே கார்பாரெக்கோடு ஜாகிர் உசேனும் திரிலோக் குர்டுவும் சேர்ந்தார்கள். இந்த இரண்டு தாளக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கர் டிரம் மெஷினையும் ஓடவிட்டார். எண்பதுகளின் மோகம், வேறென்ன சொல்ல. மெட்டுகள் இன்றும் நன்றாக இருக்கின்றன, மெஷின் மட்டும் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

1986-ல் ‘எபிடெமிக்ஸ்’ என்ற பெயரில் பாப் பாட்டுகள். கிட்டாரில் ஸ்டீவ் வை, பாஸில் பெர்சி ஜோன்ஸ். ஆட்களில் குறையே இல்லை. இசிஎம் ரசிகர்கள் இதை இன்றும் அந்த நிறுவனத்தின் விசித்திரங்களில் ஒன்றாகத்தான் பேசுகிறார்கள். நான் சொன்ன சறுக்கல் இது. பாப் பாட்டில் எல்லாம் முன்பே கட்டி முடிக்கப்பட்டிருக்கும். பதில் சொல்ல அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. அவருடைய மிகக் கூர்மையான ஆயுதத்துக்கு வேலையே இல்லை.

இதற்கு எதிர்க்கரையில் நிற்கிறது 1990-ல் வெளிவந்த பஞ்சநடைப் பல்லவி. சங்கராபரணம், ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் உடன். தாளத்துக்கு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, ஒன்பதே முக்கால் அட்சரம். ஓர் அட்சரத்தை எத்தனை மாத்திரையாகப் பிரிக்கிறோம் என்பதுதான் நடை. சதுச்ர நடையில் கணக்கிட்டால் 39 மாத்திரை. அதே பல்லவியைத் திச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என்று நடை மாற்றிக்கொண்டே போவதுதான் பெயரிலேயே உள்ள சவால். கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் பாதியில் கை நின்றுவிடும். இங்கே சங்கர்தான் பிரதானம், அந்த வகையில் என் வாதத்துக்கு இது விலக்கு. ஆனால் இது பக்கவாத்தியத்தோடு உட்கார்கிற கச்சேரி. யார் எப்போது யாரைப் பின்தொடர வேண்டும் என்ற சட்டம் மூவருக்கும் தெரியும்.

அடுத்தவர் பாட்டில் ஒரு பிடி

ஜாஸ் பக்கம் அவர் பெயர் தெரியாத கோடிப் பேர் அவர் வில்லைக் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலேய பாப் பாடகர் பில் காலின்ஸின் 1981 தனித்தட்டில் அவர் வயலின் உண்டு. லிவர்பூலின் எக்கோ அண்ட் த பன்னிமென் குழு 1983-ல் வெளியிட்டு பிரிட்டன் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறிய பாட்டு, அவருடைய தந்திப் பிடியோடுதான் தொடங்குகிறது. சில விநாடிதான். அதை எடுத்துவிட்டால் பாட்டின் முகமே போய்விடும்.

பீட்டர் கேப்ரியலோடு உறவு இன்னும் நீண்டது. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 1988 படத்துக்குக் கேப்ரியல் அமைத்த இசையில் நுஸ்ரத் ஃபதே அலி கான், யூசு என்டூர் போன்ற குரல்களுக்கு நடுவே சங்கரின் இரட்டை வயலின் ஓடுகிறது. அந்த இசைத்தட்டுக்குக் கிராமி கிடைத்தது. 1993-ல் இத்தாலியின் மோடெனாவில் படம்பிடிக்கப்பட்ட கேப்ரியலின் மேடைக் காட்சியிலும் வயலினும் குரலுமாக இருக்கிறார். பாலைவனப் படம் என்றால் ஒரு நீண்ட கமகம், மெலிதாக ஒரு சுருதி என்று ஹாலிவுட்டில் பிறகு வாய்ப்பாடே ஆகிவிட்டது. அது தேய்ந்துபோனதற்கு முதலில் வாசித்தவரைக் குறை சொல்ல முடியாது.

இசையமைப்பாளராக அவரை எங்கே வைப்பது? சுப்ரமணியம் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார், படங்களுக்கு எழுதினார். சங்கரின் படைப்பு பெரும்பாலும் ஒரு சிறிய மெட்டு, அதைச் சுற்றிப் பலர் பேச இடம். சக்தியின் உருப்படிகள் பலவற்றில் மெக்லாஃப்ளினோடு அவர் பெயரும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வராத விஷயங்கள். யார் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து எட்டு நிமிடமும் ஆகும், முப்பதும் ஆகும். இப்படிப்பட்டவருக்கு நிலையான ஒரு குழு வேண்டும். 1978-க்குப் பிறகு அது அவருக்கு அமையவில்லை என்பதே இந்த வாழ்க்கையின் பெரிய நஷ்டம்.

1997-ல் மெக்லாஃப்ளினும் ஜாகிரும் சக்தியை வேறு பெயரில் உயிர்ப்பித்தபோது சங்கர் அதில் இல்லை. முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது, பிறகு யு. ஸ்ரீனிவாஸின் மாண்டலின். வயலின் திரும்பியது ஸ்ரீனிவாஸ் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, கணேஷ் ராஜகோபாலன் மூலம். அந்த அணி 2023-ல் வெளியிட்ட தட்டுக்கு 2024-ல் கிராமி கிடைத்தது. கணேஷும் நம் மேடையில் உட்கார்ந்து வளர்ந்தவர்தான். சங்கர் போட்ட நாற்காலியின் அளவு மாறவில்லை.

சங்கர் நிற்கவில்லை. ஆபேரி ராகத்தில் விக்கு விநாயக்ராம், ஜாகிர் இருவரோடும் செய்த பதிவு 1996 கிராமிப் பரிந்துரை வரை போனது. இப்போது ஷெங்கர் என்று பெயரை எழுதிக்கொள்கிறார், புதிய தட்டுகளும் வந்துகொண்டிருக்கின்றன. இரட்டை வயலின் மட்டும் பரவவில்லை. அவருடைய அண்ணன் மகள் ஜிஞ்சர் சங்கர் அதை வாசிக்கிறார். அதற்கு வெளியே சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. கென் பார்க்கரின் கிட்டார் தொழிற்சாலையிலிருந்து உலகம் முழுக்கப் போனது. இதற்கோ பாடத்திட்டமும் கிடையாது, கடையில் வாங்கவும் கிடைக்காது. கர்நாடக வயலின் தெரியாதவருக்குக் கீழ்க் கழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது, தெரிந்தவருக்கோ நாலு தந்தியே ஒரு ஆயுளுக்குப் போதுமானதாக இருக்கிறது.